பத்தாம் நம்பருக்கு ஆறாம் நம்பர்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஜோடி சேராத எதையும் பார்த்துவிட்டுச் சும்மா வரத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்தால் மற்றவர்கள் சர்ச் ஐயரிடம் கைகொடுத்துப் பேசிக்கொண்டிருப்பார்கள். நான் வாசலில் குனிந்து, ஊரார் செருப்புகளை இடது வலது பார்த்துச் சேர்த்து வைத்துக்கொண்டிருப்பேன். (ஒருமுறை ஒருவர் என்னைச் செருப்புத் திருடி என்று நினைத்துவிட்டார். என் உயரத்துக்கு ஓடி ஒளியவும் இடமில்லை.)

இது வியாதி இல்லை, தொழில். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பன்னிரண்டு வருடமாக மேட்சிங் டேபிளில் நிற்கிறேன். தைத்து வருகிற ஷூ மேல்பாகங்களில் ஒரு இடது, ஒரு வலது எடுத்து, சைஸ் ஒன்றா, நிறம் ஒன்றா, தோலின் புள்ளி ஒன்றா என்று பார்த்து ஜோடியாகக் கட்ட வேண்டும். துளி மாறினாலும் சிவப்பு ஸ்டிக்கர். அது ரிஜெக்ட்.

வேலைக்கு வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் என் தைரியம் எப்பேர்ப்பட்டது என்று தெரியும். ஒன்பதாவது முழுப்பரீட்சை எழுதினேன். கணக்கில் ஃபெயில் என்று எனக்கு நானே முடிவு செய்துகொண்டு, ரிசல்ட் ஒட்டிய அன்று பள்ளிக்கூடம் பக்கமே போகவில்லை. மறுநாளும் போகவில்லை. அப்படியே போகாமலே இருந்துவிட்டேன். மூன்று வருடம் வீட்டில் உட்கார்ந்து கவலைப்பட்டுவிட்டு, பதினெட்டு முடிந்ததும் கம்பெனிக்குப் போனேன். வயதுக்கு அத்தாட்சி கேட்டார்கள். டி.சி. வாங்கப் பள்ளிக்கூடம் போனபோதுதான் தெரிந்தது, நான் பாஸ். கணக்கில் அறுபத்தெட்டு. அதைக் கேட்டும் அழுதேன். (எதற்கு என்று கேட்காதீர்கள். பழக்கம்.)

இப்படிப்பட்ட எனக்குக் கல்யாணம் நடந்தது. என் உயரம் ஐந்தடி ஒன்பது அங்குலம், அகலத்திலும் குறைவில்லை. மாப்பிள்ளை ஆல்பர்ட் ஐந்தடி மூன்று, அதுவும் தலை வாரிய பிறகு. வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். பெண் பார்க்க வந்தபோது நான் காபித் தட்டோடு நிற்க, அவர் தட்டுக்குக் கீழேயிருந்து எட்டிப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்குத்தான் சரி என்றேன்.

மேட்சிங் டேபிளில் எனக்கு எதிரே நிற்கிற பர்வீன் கல்யாணத்துக்கு வந்திருந்தாள். மேடையேறி எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு என் காதில் சொன்னாள்:

"இன்னாடி எஸ்தர், பத்தாம் நம்பருக்கு ஆறாம் நம்பர் ஜோடி போட்டுட்ட? செக்கிங்ல பாஸாவுமா?"

விளையாட்டுக்குத்தான் சொன்னாள். எனக்கு என் கல்யாணப் பிரியாணியே இறங்கவில்லை. போதாததற்குப் போட்டோகிராபர் எங்கிருந்தோ ஒரு செங்கல்லைத் துணி சுற்றி எடுத்துவந்து, "சார், இதுமேல ஏறிக்குங்க" என்றார். ஏறியும் அவர் என் புருவம் வரைக்கும்தான் வந்தார். அன்றிலிருந்து நான் கூன் போட்டு நடக்க ஆரம்பித்தேன். வேலை ஹீல்ஸ் ஷூ செய்கிற கம்பெனியில். காலில் தேய்ந்துபோன ரப்பர் செருப்பு. என்றைக்காவது யாராவது வந்து எங்கள் இரண்டு பேர் முதுகிலும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் தனித்தனியாகத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று நிஜமாகவே பயந்தேன்.

காட்பாடியில் அவர் வீட்டு ஹாலில், டி.வி. இருக்க வேண்டிய இடத்தில் மூன்றடிக்கு ஒரு கண்ணாடித் தொட்டி. சாதாரண மீன் தொட்டி இல்லை, உள்ளே ஒரு குட்டிக் கடல். கடல் தண்ணீர், பாறை, பவளம், நடுவில் ஒரு கடல் சாமந்தி. (அதுவும் ஒரு உயிர்தானாம். என் மாமியார் அதை 'நூல் மாப்பு' என்பார். மாப்பிலிருந்து கட்டையைக் கழற்றிவிட்டால் அப்படித்தான் இருக்கும்.) அதன் இழைகளுக்குள் இரண்டு கோமாளி மீன்கள் குடியிருந்தன. ஆரஞ்சு உடம்பு, மூன்று வெள்ளைப் பட்டை. நான் வருவதற்கு நாலு வருடம் முன்பே வந்துவிட்ட சீனியர்கள். ஒன்றைப் பெருசு என்பார், இன்னொன்றைச் சிறுசு என்பார். நாள் முழுக்க அடுத்தவர் ரத்தத்தைப் பார்த்துவிட்டு வந்து, அந்தத் தொட்டி முன்னால் அரை மணி நேரம் உட்கார்ந்து எழுந்தால்தான் அவர் முகம் பழைய முகமாகும்.

வந்த முதல் நாளே என் கண்ணில் பட்டுவிட்டது. பெருசு என் நடுவிரல் நீளம். சிறுசு என் சுண்டுவிரலை விடச் சின்னது. பத்தாம் நம்பரும் ஆறாம் நம்பரும்! மூன்று மாதம் ஹாலைக் கடக்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டே நடந்தேன்.

நாலாவது மாதம் அவரை ஒரு வாரப் பயிற்சிக்குப் பெங்களூர் அனுப்பினார்கள். முடிவில் ஒரு பரீட்சை வேறு. எனக்கு அந்த வாரம் கம்பெனியில் ஆர்டர் கம்மி, லீவு. கிளம்புமுன் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்: காலையில் ஒரு சிட்டிகை தீனி, தண்ணீர் ஆவியாகிக் கோட்டுக்குக் கீழே இறங்கினால் உப்பில்லாத நல்ல தண்ணீர் ஊற்று, ராத்திரி எட்டுக்கு லைட்டை அணை, வேறு எதுவும் செய்யாதே. கடைசி வரிக்கு மட்டும் இரண்டு அடிக்கோடு.

"பெருசும் சிறுசும் உன் பொறுப்பு, எஸ்தர். பயப்படாத" என்றார்.

யாராவது பயப்படாதே என்று சொன்னால்தான் எனக்குப் பயமே ஆரம்பிக்கும்.

திங்கட்கிழமை காலை தீனி போடப் போனேன். சிறுசு நேராகப் பெருசு முன்னால் போய் நின்றது. உடம்பைச் சற்றுச் சாய்த்தது. அப்புறம் தலையிலிருந்து வால் வரைக்கும் வெடவெடவென்று உதறியது. நிறுத்தியது. மறுபடி உதறியது.

"அத்தை!"

என் மாமியார் ரூத், முப்பது வருடம் வார்டு சிஸ்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். வீட்டில் யார் தும்மினாலும் வாட்ச்சைப் பார்த்து மணி குறித்துவைப்பார். வந்து நின்று, கண்ணாடியை மூக்கில் இறக்கி, சிறுசைப் பார்த்தார், வாட்ச்சைப் பார்த்தார்.

"நாப்பது செகண்ட். ஃபிட்ஸ்."

"மீனுக்குமா அத்தை?"

"மூளைன்னு ஒண்ணு இருந்தா ஃபிட்ஸும் இருக்கும். ஒரு நோட்டு எடுத்துட்டு வா. சார்ட் போடணும்."

சார்ட் போட்டோம். 7.40, நாற்பது செகண்ட். 8.15, இருபத்தைந்து செகண்ட். மத்தியானத்துக்குள் பதினோரு தடவை. ஓரத்தில் அத்தை தன் கையாலேயே 'பேஷண்ட் நினைவோடு இருக்கிறார்' என்று எழுதினார். மறுநாளும் அதே கதை.

"இவருக்கு போன் போட்டுச் சொல்லிடலாமா அத்தை?"

"பரீட்சைக்குப் படிக்கிற புள்ளய எதுக்கு பேஜார் பண்ணணும்? பாத்துக்கலாம் இரு."

எனக்குப் பார்த்துக்கொண்டிருக்க வரவில்லை. படுத்தால் தூக்கம் வராமல் மனதில் ஒரு படம் ஓடியது: இவர் சனிக்கிழமை வருகிறார். சிறுசு செத்து மிதக்கிறது. என் பெட்டியை எடுத்து, என்னைக் கொண்டுபோய் ஆம்பூர் ரயிலில் ஏற்றிவிடுகிறார். ரயில் கார்டு என் முதுகில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுகிறார். புதன்கிழமை விடியும்போது ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். சிறுசு சைஸும் கம்மி, வலிப்பும் உண்டு. எங்கள் டேபிளில் ஒரு குறை இருந்தாலே ரிஜெக்ட், இதில் இரண்டு. கொடுத்துவிட்டுப் பெருசுக்குச் சமமான சைஸில் ஒன்றை வாங்கிவந்து விட்டால், இவர் வரும்போது தொட்டியில் ஒரு சரியான ஜோடி இருக்கும். சந்தோஷப்படுவார். (வீட்டில் ஒரு ஜோடியாவது சரியாக இருந்துவிட்டால், இன்னொரு ஜோடியின் குறை கண்ணில் படாது என்றும் ஒரு கணக்கு. கணக்கில் அறுபத்தெட்டு வாங்கியவள் அல்லவா.)

சிறுசைத் தொட்டித் தண்ணீரோடு எவர்சில்வர் தூக்கில் எடுத்துக்கொண்டு வேலூர் பஸ் ஏறினேன். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாத பாலாற்றை, மடியில் கடலை வைத்துக்கொண்டு கடந்தவள் அன்றைக்கு நான் ஒருத்திதான்.

கண்டக்டர் கேட்டார், "தூக்குல இன்னாம்மா, சிந்தப் போவுது. கொழம்பா?"

"மீனு."

"மீன் கொழம்பா?"

"இல்லீங்க. உசுரோட இருக்குது. வலிப்பு."

அவர் அதற்குப் பிறகு என் பக்கம் வரவே இல்லை. டிக்கெட் வாங்கக்கூட நான்தான் எழுந்து போனேன்.

இவர் மீன் வாங்குகிற கடை ஷபீர் பாயுடையது. மேல்விஷாரத்துக்காரர். பாய் தூக்குக்குள் எட்டிப் பார்த்தார்.

"இது நம்ம ஆல்பர்ட் சார் மீனாச்சே. நல்லாத்தான இருக்குது?"

"இல்ல பாய், டிஃபெக்ட் பீஸ். இதே ஷேடுல, இந்த சைஸுல ஒண்ணு குடுங்க" என்று நடுவிரலைக் காட்டினேன்.

பாய் தயங்கி, ஒரு கவரில் ஒன்றைப் பிடித்துக்காட்டினார். சைஸ் அப்படியே பெருசு. மூன்று வெள்ளைப் பட்டை. பட்டையின் ஓரத்தில் மட்டும் கறுப்புக் கரை கொஞ்சம் தடிப்பு.

"சைஸ்ல இது ஒண்ணுதாம்மா இருக்குது. பாக்க ஒரே மாதிரி இருக்கும், ஆனா இது வேற ஜாதி. ஒண்ணா வுடக்கூடாது."

எனக்கு எங்கிருந்து வந்ததோ அந்த வீரம்!

"மீன்லயுமா பாய் ஜாதி பாக்குறீங்க? எங்க சர்ச்சுல ஜாதியே கிடையாது தெரியுமா?" (இது பொய். கல்லறைத் தோட்டத்தில்கூட வரிசை பார்ப்பார்கள். ஆனால் அதைப் பாயிடம் எதற்குச் சொல்லிக்கொண்டு?)

"அல்லா! நா அந்த ஜாதிய சொல்லலம்மா..." என்று பாய் பதறினார். அவர் மேலே பேசுவதற்குள் நான் கைப்பையிலிருந்து ஒரு தோல் துண்டை எடுத்தேன். தொட்டிக் கண்ணாடியில் வைத்துப் பெருசின் நிறத்தோடு ஒத்துப் பார்த்து, என்னிடமிருந்த சாம்பிள் துண்டுகளில் பொறுக்கி எடுத்தது.

தோலைப் பார்த்ததும் பாயின் முகமே மாறிவிட்டது. வாங்கிக் கட்டைவிரலால் தேய்த்தார். முகர்ந்தார். மடித்துப் பார்த்தார்.

"ஆட்டுத்தோலு. நல்ல ஃபினிஷிங். நானும் விஷாரத்துல இருபது வருஷம் தோல் தரம் பிரிச்சவன்மா. கம்பெனி மூடுனப்புறம்தான் இந்த மீனு." பிறகு கண்டிப்பாகச் சொன்னார், "ட்யூப் லைட்ல ஷேடு பாக்காத. ஏமாத்தும். வெளிய வா."

இரண்டு பேரும் ரோட்டுக்கு வந்தோம். பாய் கவரை வெயிலில் தூக்கிப் பிடித்தார். நான் தோலை மீனுக்குப் பக்கத்தில் பிடித்தேன். ஒரு ஆட்டோ எங்களுக்காக நின்று, ஹாரன் அடித்து, சலித்துப்போய்ச் சுற்றிக்கொண்டு போனது.

"ஷேடு?"

"கரெக்டு பாய். சைஸும் கரெக்டு. கரைதான் கொஞ்சம் ஜாஸ்தி."

"அது டிசைன்மா. தள்ளிவுட முடியாது."

"அப்ப பாஸ்?"

"பாஸ்!"

இப்படியாக, இரண்டு தோல்காரர்கள் நடுரோட்டில் நின்று ஒரு உயிருள்ள மீனைப் பாஸ் செய்தோம். வேறு ஜாதி என்று சொன்னவருக்கே அது ஞாபகமில்லை.

"இந்தச் சின்னத இன்னா பண்றது?" என்று பாய் தூக்கைக் காட்டினார்.

"வெச்சுக்குங்க பாய். ரிஜெக்ட்."

அந்த வார்த்தை இன்றைக்கும் என் நாக்கில் முள் மாதிரி நிற்கிறது.

கவரை அரை மணி நேரம் தொட்டியில் மிதக்கவிட்டு, கறுப்புக்கரையை உள்ளே விட்டேன். முதல் பத்து நிமிஷம்! ஐயோ, என்ன அழகு. ஒரே சைஸில், ஒரே நிறத்தில், இடதும் வலதுமாக நின்றன. கயிறு மட்டும் போட்டிருந்தால் அப்படியே பெட்டியில் அடைத்து ஜெர்மனிக்கு அனுப்பியிருக்கலாம். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பதினோராவது நிமிஷம் இரண்டும் வாயோடு வாய் கவ்விக்கொண்டன.

"பாத்தியா, முத்தம் குடுக்குதுங்க" என்றார் அத்தை.

முத்தத்தில் கறுப்புக்கரையின் வால் நுனி கிழிந்தது. அத்தை நோட்டில் புதுப் பக்கம் திருப்பி 'ட்ராமா - காயக் கேஸ்' என்று தலைப்புப் போட்டார். வியாழக்கிழமை முழுக்கப் பெருசு அதைத் துரத்தியது. அது திரும்பிப் பெருசைத் துரத்தியது. சாமந்தி யாருக்கும் இல்லாமல் அநாதையாக ஆடிக்கொண்டிருந்தது.

இந்த இடத்தில் புத்தியுள்ள எவளும் இவருக்குப் போன் போட்டிருப்பாள். நான் யோசித்தது வேறு. எங்கள் கம்பெனியில் இரண்டு பேர் சண்டை போட்டால் சூப்பர்வைசர் வந்து நிற்பார்; பேசக்கூட மாட்டார், நிற்பார்; லைனே அமைதியாகிவிடும். தொட்டிக்குத் தேவை ஒரு சூப்பர்வைசர். வெள்ளிக்கிழமை காலை மறுபடி பாய் கடை. அங்கே தனித் தொட்டியில் ஒன்று நின்றிருந்தது. கறுஞ்சிவப்பு உடம்பு, மெல்லிய வெள்ளைப் பட்டை, உள்ளங்கையில் பாதி. ஆண்களுக்கான விலையுயர்ந்த ஷூ நிறம்.

"அதுவும் க்ளவுன்தாம்மா, ஆனா ரவுடி" என்றார் பாய். "கன்னத்துலயே முள்ளு இருக்குது பாரு. குடுக்க மாட்டேன். போன தடவ தோலக் காட்டி என்னை மயக்கிட்ட."

நான் அழுதேன். (அது எனக்குக் கஷ்டமான வேலை இல்லை.) பாய் தாடியைத் தடவிவிட்டு, "நாளைக்கே திருப்பிக் கொண்டாந்துடணும்" என்று கவரைக் கொடுத்தார்.

சிறுசு எங்கே என்று கேட்கத் தொண்டை வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. யாராவது வாங்கிக்கொண்டு போயிருந்தால்? செத்திருந்தால்? ரிசல்ட் பார்க்கப் போகாத அதே கால்கள் கடையை விட்டு என்னை வேகமாக வெளியே கொண்டுவந்துவிட்டன.

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். பன்னிரண்டு பெண்கள் கோரைப்பாயில் உட்கார்ந்திருக்க, நடுவில் காணிக்கைத் தட்டு. தொட்டியில் சூப்பர்வைசர் வந்த வேகத்தில் சாமந்தியைப் பிடித்துக்கொண்டு, பெருசை இடது மூலையிலும் கறுப்புக்கரையை வலது மூலையிலும் நிறுத்திவைத்திருந்தது. யாராவது வாலை அசைத்தால் பாய்ந்தது. ஒரு பவளத்தை உருட்டித் தள்ளிவிட்டிருந்தது.

ஐயரின் மனைவி ஐயரம்மா கண்ணை மூடி ஜெபிக்க ஆரம்பித்தார்.

"ஆண்டவரே, இந்த வீட்டில் நீர் தந்திருக்கிற சமாதானத்துக்காக ஸ்தோத்திரம்..."

தளக்!

"மாமியாரும் மருமகளும் ஒருமனப்பட்டு, சண்டை சச்சரவு இல்லாமல் வாசம்பண்ண..."

தளக், தளக்!

நான் ஒரு கண்ணைத் திறந்தேன். சூப்பர்வைசர் வலது மூலைக்குப் பாய்ந்தது. கறுப்புக்கரைக்கு வேறு வழியில்லை. மேலே எழும்பி, தொட்டியைத் தாண்டி, பன்னிரண்டு தலைகளுக்கு நடுவே பறந்து, காணிக்கைத் தட்டில் 'டங்' என்று விழுந்தது.

யாரோ தாராளமாகப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்து, ஐயரம்மா கண்ணைத் திறக்காமலே, "ஸ்தோத்திரம்!" என்றார்.

சில்லறைகளுக்கு நடுவே காணிக்கை துள்ளியது. பக்கத்திலிருந்த பெண் போட்ட சத்தத்தில் காட்பாடி ஸ்டேஷனில் சிக்னல் மாறியிருக்கும். அத்தைக்குள் தூங்கிக்கொண்டிருந்த வார்டு சிஸ்டர் எழுந்துவிட்டார்.

"எல்லாரும் தள்ளுங்க! கூட்டம் போடாதீங்க! காத்து வுடுங்க, காத்து!"

உலகத்தில் அந்த நிமிஷம் காற்று வேண்டாத ஒரே உயிர் அதுதான். ஒருத்தி விசிறினாள். இன்னொருத்தி தண்ணீர் என்று கத்தினாள். மூன்றாமவள் எலுமிச்சை ஜூஸ் டம்ளரை நீட்டினாள். நான் தட்டோடு பிடுங்கிக்கொண்டு ஓடி, மீனையும் ஏழெட்டு நாணயங்களையும் சேர்த்துத் தொட்டியில் கொட்டினேன். நாணயத்தை எடுக்கத் தோள் வரைக்கும் கையை விட்டேன். சூப்பர்வைசர் என் கட்டைவிரலைக் கவ்வியது.

"யோவ், வுடுய்யா!" என்று நான் மீனைப் பார்த்துக் கத்தியபோது வாசல் கதவு திறந்தது.

பரீட்சை ஒரு நாள் முன்னதாகவே முடிந்து, தோளில் பையோடு என் வீட்டுக்காரர் நின்றிருந்தார்.

அவர் பார்த்தது இது: பன்னிரண்டு பெண்கள் சுவரோரம். கையில் வாட்ச்சோடு அம்மா. தொட்டிக்குள் பாதி மனைவி. ஆடிக்கொண்டே அடியில் இறங்குகிற ஒரு ஐந்து ரூபாய் நாணயம்.

பையை இறக்கினார். தொட்டி அருகே வந்து குனிந்து எண்ணினார்.

"ஒண்ணு... ரெண்டு... மூணு. மூணும் மூணு இனம்." திரும்பினார். "என் சிறுசு எங்க?"

"ரிஜெக்ட் பண்ணிட்டேன்" என்றேன்.

அவர் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். மாவு சல்லடையை எடுத்துவந்து சூப்பர்வைசரைப் பிடித்துக் குழம்புப் பாத்திரத்தில் விட்டார். கறுப்புக்கரையை இட்லிப் பானையில் விட்டார். இரண்டிலும் தொட்டித் தண்ணீர், இரண்டுக்கும் காற்றுக் குழாய். ஐயரம்மா அவசரமாக ஆமென் சொல்லி, ஈரக் காணிக்கையை எடுத்துக்கொண்டு கூட்டத்தோடு கிளம்பிவிட்டார். இவர் தொட்டி முன்னால் தரையில் உட்கார்ந்தார். சாமந்தியில் பெருசு தனியாக இருந்தது. இவர் முகம் பழைய முகமாகவே இல்லை.

நான் எல்லாவற்றையும் அழுதுகொண்டே கொட்டினேன். வலிப்பு, சார்ட், சைஸ், ஷேடு. கடைசியில், வாய் தவறி, பர்வீன் சொன்னது, செங்கல், என் கூன் வரைக்கும் வந்துவிட்டது.

இவர் உட்கார்ந்தபடியே என் பக்கம் திரும்பினார்.

"எஸ்தர், இந்த மீன்ல பொறக்கிறது எல்லாம் ஆம்பளதான். அதுல எது பெருசா வளருதோ அது பொம்பளயா மாறிடும். சிறுசு ஆம்பளயாவே அதுகூட இருந்துக்கும். நீ அதுக்குச் சமமா இன்னொண்ணக் கொண்டாந்து வுட்டா ரெண்டு பொம்பள, ஒரே வீடு. வேற இனம்னா இன்னும் மோசம். சண்ட போடாம?"

"அப்ப அந்த சைஸு..."

"அதான் ஜோடியே. பொம்பள பெருசு, ஆம்பள சிறுசு."

"டிஃபெக்ட் இல்லயா?"

"நாலு வருஷமா நா பாத்துப் பாத்துச் சந்தோஷப்பட்ட ஒரே ஜோடி அது. உன்னப் பொண்ணு பாக்க வந்தப்ப ஏன் சிரிச்சேன்னு நெனச்ச?"

நான் நிமிர்ந்தேன். உட்கார்ந்த இடத்திலேயே, நாலு மாதக் கூனும் சடசடவென்று நெட்டி முறிய, நிமிர்ந்தேன்.

"அப்ப ஃபிட்ஸு?" அத்தை நோட்டை விடாமல் கேட்டார்.

"ஃபிட்ஸ் இல்லம்மா. பெருசு முன்னாடி போய் அப்டி உதறுனா, 'நீதான் பெரியாளு, என்னைக் கடிச்சிராத, நா உன் ஆளு'ன்னு அர்த்தம்."

"ரெண்டு நாளு செகண்டு செகண்டா எழுதி வெச்சேனேடா!" என்றார் அத்தை. முப்பது வருட சர்வீஸில் அவருடைய முதல் தப்பு டயக்னோசிஸ் அதுதானாம்.

சனிக்கிழமை பாய் கடை திறக்கும்போது நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு பாத்திரத்தோடு வாசலில் நின்றோம். இந்தத் தடவை கேட்டேன்.

"பாய்... சிறுசு?"

பாய் உள்ளே போய் ஒரு கண்ணாடி ஜாடியைத் தூக்கி வந்தார். அதற்குள் சிறுசு. ஜாடியின் மேல் ஒரு சீட்டு: 'விற்பனைக்கு இல்லை. அந்த அம்மா திரும்பி வரும்.'

"ஷேடு பாத்துப் பாஸ் பண்ணிட்டு, நீ போன பிற்பாடு தலைல அடிச்சுக்கினேன்மா" என்றார். "தோல்னா ஷேடு பாக்கலாம். இதுங்களுக்கு மனசு பாக்கணும்."

நான் இரண்டாவது தடவையாகப் பாஸ் ஆகியிருந்தேன். அன்றைக்கும் அழுதேன்.

வீட்டுக்கு வந்து சிறுசை உள்ளே விட்டதும், அது நேராகச் சாமந்திக்குப் போய், பெருசு முன்னால் சாய்ந்து நின்று, உதறியது பாருங்கள்! "எண்பத்தாறு செகண்டு! ரெக்கார்டு!" என்று அத்தை கத்தினார்.

இது நடந்து ஆறு வருடம் ஆகிறது. இப்போது நான் எங்கள் கம்பெனி ஷூவே போடுகிறேன், இரண்டரை அங்குல ஹீல்ஸ். பர்வீன் என்னை 'பெருசு' என்றுதான் கூப்பிடுகிறாள். வீட்டில் நான் குரலை உயர்த்தினால் போதும், இவர் என் முன்னால் வந்து லேசாகச் சாய்ந்து, தலையிலிருந்து கால் வரைக்கும் ஒரு உதறு உதறுவார். ரேஷன் கடை வரிசையிலும் செய்திருக்கிறார், ஐயர் முன்னாலும் செய்திருக்கிறார். எங்கள் நாலு வயதுப் பெண்ணும் பால் வேண்டாம் என்றால் இப்போது உதறத்தான் செய்கிறாள்.

போன வருடம் சர்ச் ஆண்டு விழாவில் குடும்பப் போட்டோ எடுத்தார்கள். போட்டோகிராபர் என்னையும் இவரையும் பார்த்துவிட்டு, தணிந்த குரலில், "சார், ஒரு செங்கல் போடட்டுமா?" என்றார்.

"வேணாம்ப்பா" என்றார் இவர். "எங்க இனத்துல பொம்பளதான் பெருசு."

சொல்லிவிட்டு, சரியாகக் க்ளிக் ஆகிற நேரத்தில் என் பக்கம் சாய்ந்து ஒரு உதறு.

அந்தப் போட்டோ ஹாலில், தொட்டிக்கு மேலே மாட்டியிருக்கிறது. நான் ஹீல்ஸோடு நிமிர்ந்து நிற்கிறேன். அத்தை வாட்ச் தெரிகிற மாதிரி கையை வைத்திருக்கிறார். பெண் பல்லைக் காட்டுகிறாள். என் தோளுக்குப் பக்கத்தில் நீலச் சட்டையில் ஏதோ ஒன்று கலங்கலாக இருக்கிறது, முகமே தெரியாது. வருகிறவர்கள் எல்லாரும் அது யார் என்று கேட்பார்கள். அத்தை தயாராக ஒரு பதில் வைத்திருக்கிறார்:

"என் புள்ளதான். பயப்படாதீங்க, ஃபிட்ஸ் இல்ல. நானே செக் பண்ணிட்டேன்."